ஜெபத்தில் வரும் பன்மை

தமிழில் ஜெபிப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதை அவன் கவனிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் சபையைப் பார்த்து, 'நம் தேசத்துக்காக ஜெபிப்போம்' என்கிறார். உடனே கண்களை மூடிக்கொண்டு, 'ஆண்டவரே, எங்கள் தேசத்தை' என்று தொடங்குகிறார். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் 'நம்' என்பது 'எங்கள்' ஆகிவிட்டது. முதல் சொல் கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது அவரை வெளியே நிறுத்துகிறது. கடவுளிடம் பேசும்போது அவர் நம்மில் ஒருவர் அல்ல என்பதை மொழியே பார்த்துக்கொள்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் பிதாவுக்கு முன்னால் நிற்பது 'எங்கள்'தான். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஆஃப்ரிகான்ஸிலும் இந்தப் பேதம் கிடையாது. ஒரே சொல் இரண்டு காரியத்தையும் செய்கிறது.

இலக்கணத்திலிருந்து இறையியலைப் பிழிந்தெடுக்கும் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த பாஷைகளில் ஜெபித்தவர்கள் எல்லோரும் கடவுளைத் தங்கள் தேசத்துப் பிரஜையாக்கிவிட்டார்கள் என்றோ, தமிழில் ஜெபிப்பவர்களுக்கு அது நேராது என்றோ நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேசத்துக்காகக் கூடி ஜெபித்தல் என்ற காரியத்தின் தார்மீகச் சிக்கல் அனேகமாக முழுவதும் இந்தப் பன்மைக்குள்தான் கிடக்கிறது. அதற்குள் யார் யார் இருக்கிறார்கள், கடவுள் அதற்கு உள்ளேயா, வெளியேயா என்பதுதான் கேள்வி.

நம் வட்டத்தில் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போவது சுலபம். அது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏமாற்ற முடியாத ஒருவர் முன்னால் நின்று தனக்கு என்ன வேண்டும் என்று மனிதன் உரக்கச் சொல்வதுதான் ஜெபம். கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்பது வேறு விவாதம். சொல்பவன் இருக்கிறான், அவன் ஆசை இருக்கிறது. ஒரு ஜனக்கூட்டம் தன் தேசத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அறிய, கட்சி அறிக்கைகளைவிட அதன் ஜெபங்கள் நல்ல சாட்சியம்.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வி வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாக வரலாற்றில் நடந்து காட்டியதில்லை.

1838 டிசம்பர் 16. கேப் காலனியின் ஆங்கில ஆட்சியை விட்டு மாட்டு வண்டிகளில் உள்நாட்டுக்குப் புறப்பட்ட டச்சு வம்சாவளியினர், ன்கோமே ஆற்றங்கரையில் வண்டிகளை வட்டமாக நிறுத்திக் கட்டிக்கொண்டு ஜூலு படையை எதிர்கொண்டார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அவர்கள் தலைவர் பீட் ரெட்டீஃபும் உடன் சென்றவர்களும் ஜூலு மன்னன் டிங்கானேயின் ஊரில் கொல்லப்பட்டிருந்தார்கள். வண்டி வட்டத்துக்குள் சுமார் 470 பேர், வெளியே ஆயிரக்கணக்கில். போருக்கு முந்திய நாட்களில் சாரெல் சிலியர்ஸ் என்பவர் முன்னின்று ஒரு பொருத்தனை பண்ணினார் என்பது மரபு. எதிரியை எங்கள் கையில் ஒப்புக்கொடுத்தால் இந்த நாளை ஆண்டுதோறும் ஓய்வுநாள்போல் ஆசரிப்போம், ஒரு ஆலயம் கட்டுவோம், எங்கள் சந்ததிகளையும் அவ்வாறே செய்யச் சொல்வோம் என்பது அதன் சாரம். போர் சில மணி நேரத்தில் முடிந்தது. ஜூலுக்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொல்கிறார்கள். வண்டிக்காரர்களில் மூன்று பேருக்குக் காயம், சாவு இல்லை. ஆற்றுக்கு ரத்த ஆறு என்று பெயர் வந்தது.

வங்கிக் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வாசகம் பழக்கமானது. இன்னது கிடைத்தால் இன்னது தருகிறேன். இது என்னையும் என் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். கடன் பத்திரம். நம் ஊரிலும் நேர்த்திக்கடன் என்று கடனாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் தீர்ந்தால் முடியிறக்குகிறேன் என்று நேர்ந்துகொள்ளும் தாய் தருவது தன் வீட்டு முடியை. இங்கே ஆலயமும் ஓய்வுநாளும் இவர்கள் தருவது. காரியம் கைகூட வேண்டிய விலை அடுத்தவன் உயிர்.

அதே தென்னாப்பிரிக்காவில், 1906 செப்டம்பர் 11-ல், ஜோஹன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் இன்னொரு சபதம் எடுக்கப்பட்டது. அது கிறிஸ்தவர்களின் கூட்டம் அல்ல. ஆசியர்களைப் பதிவு செய்யும் டிரான்ஸ்வால் அவசரச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இந்தியர்கள் கூடியிருந்தார்கள். கடவுளைச் சாட்சி வைத்துச் சொல்வோம் என்று ஹாஜி ஹபீப் சொன்னதும் காந்தி திடுக்கிட்டார். பிறகு எழுந்து, தீர்மானம் வேறு, கடவுள் சாட்சியாகச் சபதம் வேறு, மற்ற எல்லோரும் விலகினாலும் நான் ஒருவனாக நிற்பேன் என்று இருப்பவன் மட்டும் கை தூக்கட்டும் என்று விளக்கினார். இதில் 'ஆனால்', 'தந்தால்' என்பவை இல்லை. கடவுளிடம் எதுவும் கேட்கப்படவில்லை. அவர் சாட்சி, கூட்டாளி அல்ல. பன்மையில் கூடியவர்கள் ஒவ்வொருவராக ஒருமையில் கை தூக்கினார்கள். சந்ததியைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு கூட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடவுள் பெயர் சொல்வது மட்டும் ஒரு காரியத்தைப் பரிசுத்தமாக்குவதும் இல்லை, அசுத்தமாக்குவதும் இல்லை என்று தெரியும்.

ஆனாலும் 1838-ன் மனிதர்களை இங்கே உட்கார்ந்துகொண்டு கண்டிப்பது கொஞ்சம் மலிவான காரியம். பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள். விடிந்தால் ஈட்டிகள். அந்த நிலையில் எவனும் எதிரி ஒழியட்டும் என்றுதான் ஜெபிப்பான். அவர்கள் நின்றிருந்தது யார் மண் என்ற கேள்வி பொருத்தனையில் வரவில்லைதான். முற்றுகையில் இருப்பவனுக்கு அந்தக் கேள்வி வருவதும் இல்லை. மார்க் ட்வெய்ன் 1905 வாக்கில் எழுதி, ஒரு பத்திரிகை மறுத்துவிட்டதால் கிடப்பில் கிடந்து, அவர் செத்த பிறகு 1923-ல் புத்தகத்தில் வந்த 'போர் ஜெபம்' என்ற சிறிய எழுத்து உண்டு. போருக்குப் போகும் வீரர்களுக்காகச் சபை ஜெபிக்கிறது. ஒரு கிழவன் உள்ளே வந்து, நீங்கள் வாயால் சொல்லாத மறுபாதியையும் கடவுள் கேட்டுவிட்டார் என்று சொல்லி, அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறான். ட்வெய்னின் நையாண்டி சரிதான். ஆனால் ரத்த ஆற்றுக்காரர்களிடம் அந்தக் கிழவனுக்கு வேலை இல்லை. அவர்கள் மறுபாதியையும் வாய்விட்டே சொன்னார்கள்.

கோளாறு பிற்பாடு வருகிறது. பொருத்தனை பண்ணியவர்களே அதைப் பல பத்தாண்டுகள் பெரிதாக ஆசரிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். லெனர்ட் தாம்ப்ஸன் 1985-ல் எழுதிய புத்தகம் இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கடன் பத்திரம் பெட்டியடியில் கிடந்தது. அதை வெளியே எடுத்துத் தூசி தட்டியது தேசியம். 1910-ல் ஒன்றிய அரசு உருவானதும் டிசம்பர் 16 பொது விடுமுறை. 1938-ல் நூற்றாண்டுக்கு மறுபடி மாட்டு வண்டிகள் கட்டி நாடு முழுவதும் ஊர்வலம். 1948-ல் நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்தபோது அதன் பிரதமர் டி. எஃப். மலான், டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் போதகராக இருந்தவர். 1949 டிசம்பர் 16-ல் பிரிட்டோரியாவில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதன் கூரையில் ஒரு துவாரம். ஆண்டுக்கு ஒரு நாள், அந்த டிசம்பர் 16 நண்பகலில், சூரிய வெளிச்சம் அதன் வழியே இறங்கிக் கீழே உள்ள நினைவுக் கல்லறையின் எழுத்துக்கள் மேல் விழும்படி கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். சூரியனையே சாட்சிக்கு அழைத்துவந்து நிறுத்திய கட்டிடக் கலை. கடவுள் 'நம்' ஆகிவிட்டார் என்பதைக் கல்லில் சொல்ல இதைவிட வேறு வழி இல்லை.

முற்றுகையில் இருந்தவன் சொன்ன ஜெபத்தை, போலீசும் ராணுவமும் பாஸ் சட்டமும் கையில் வைத்திருப்பவன் ஆண்டுதோறும் திரும்பச் சொல்கிறான். சொல் ஒன்றுதான், சொல்பவன் நிற்கும் இடம் மாறிவிட்டது. 1838-ல் மன்னிக்கக்கூடியதாக இருந்த வாக்கியம் 1949-ல் பொய். வண்டிகள் எல்லாம் அவிழ்த்துவிடப்பட்ட பிறகும் வட்டத்துக்குள் இருக்கிறோம் என்ற பாவனைதான் அந்தப் பொய்.

அந்தத் திருச்சபைக்குள்ளேயே 'கூடி' என்ற சொல் எப்போதோ உடைந்துவிட்டது. ஒரே மேஜையில் நற்கருணை என்பதுதான் வேதம் சொல்வது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டுக் கறுப்பர்களுக்குத் தனி வழிபாடு இருக்கலாம் என்று கேப் சினாட் 1857-ல் அனுமதித்தது. இங்கே பலவீனர்கள் என்றது வெள்ளையர்களை. எவ்வளவு நேர்மையான வாசகம்! 1881-ல் கலப்பின மக்களுக்கென்று தனி மிஷன் திருச்சபை. பலவீனத்துக்குக் கொடுத்த சலுகை சட்டமாகி, சட்டம் வேத சத்தியமாகிவிட்டது. அரசியலில் பிரித்து வைத்தல் வருவதற்கு வெகு முன்பே ஜெபத்தில் அது வந்துவிட்டது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

பேயர்ஸ் நௌடே 1915-ல் பிறந்தவர். போயர் தளபதி ஒருவரின் பெயர் வைக்கப்பட்டவர். தந்தை, ஆஃப்ரிகானர்களின் ரகசிய அமைப்பான ப்ரூடர்பாண்டைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். மகனும் அதில் அங்கத்தினர். டிசம்பர் 16-ன் பொருத்தனையை அனுசரித்த ஜனங்களுக்கு நடுவே வளர்ந்தவர். 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவரால் பழைய பன்மையில் பேச முடியவில்லை. 1963-ல் ப்ரூடர்பாண்டை விட்டு விலகினார். தன் சபையின் பிரசங்க பீடத்தில் நின்று, மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலர் வசனத்தின் மேல் பேசி, போதகர் பதவியையும் இழந்தார். 1977 முதல் 1984 வரை அரசு அவரைத் தடை உத்தரவில் வைத்தது. 1985-ல் டெஸ்மண்ட் டூட்டுவுக்குப் பின் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகளின் கவுன்சிலுக்குப் பொதுச் செயலாளரானார்.

1985-ல் இரண்டு கூட்டங்கள். முதலாவது ஈஸ்டர் சமயம். வடக்கே மோரியாவில், சீயோன் கிறிஸ்தவச் சபையின் லட்சக்கணக்கான கறுப்பின விசுவாசிகள் கூடியிருக்க, ஜனாதிபதி பி. டபிள்யூ. போத்தா அங்கே விருந்தினராகப் போனார். ரோமர் நிருபத்தின் 13-ம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிதல் பற்றிப் பேசினார். கூட்டம் அவரை மரியாதையோடு வரவேற்றது. கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்று கோடு போட்டு விவகாரத்தை முடிக்க நினைப்பவர்களுக்கு மோரியா ஒரு தொந்தரவு. அந்த ஏழைகளை முட்டாள்கள் என்று சொல்லும் புரட்சிக்காரன் ஜனங்களை அறியாதவன்.

இரண்டாவது, ஜூன் 16. சோவெட்டோ பள்ளிப் பிள்ளைகள் ஆஃப்ரிகான்ஸ் பயிற்று மொழிக்கு எதிராக ஊர்வலம் போய்ச் சுடப்பட்ட 1976-ம் ஆண்டின் அதே தேதி. நீதியற்ற ஆட்சி முடிவுக்கு வர ஜெபிப்போம் என்று, கவுன்சிலைச் சார்ந்தவர்கள் ஒரு இறையியல் விளக்கத்தோடு அழைப்பு விடுத்தார்கள். இதில் முன்னின்றவர்களில் ஆலன் பூசாக்கும் ஒருவர், அந்தத் தனி மிஷன் திருச்சபையிலிருந்து வந்தவர். ஆட்சியாளர் மனம் மாற வேண்டும் என்று இத்தனை காலம் ஜெபித்தோம், மாறவில்லை. இனி, ஒடுக்கும் அமைப்புகளைக் கடவுள் அகற்றி நீதியானவற்றை வைக்கவும், அவர் சட்டத்தை மீறுவதிலேயே பிடிவாதமாக இருப்பவர்களை அதிகாரத்திலிருந்து நீக்கவும் ஜெபிக்கிறோம் என்பது அதன் கருத்து. நாடு அதிர்ந்தது. குண்டு வைத்தால்கூட அரசாங்கத்துக்கு அவ்வளவு கோபம் வராது. நிறவெறியைக் கண்டித்துவந்த சில திருச்சபைத் தலைவர்களே தங்களை விலக்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து, ஜூலையில், நாட்டின் பல மாவட்டங்களில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று.

விலகிக்கொண்டவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களுடைய ஆட்சேபத்தின் சாரத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒருவன் திருந்த வேண்டும் என்று ஜெபிக்கும்போது முடிவைக் கடவுளிடம் விட்டிருக்கிறோம். ஒருவன் நீக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கும்போது தீர்ப்பை நாமே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுகிறோம். ரத்த ஆற்றில் கடவுளைத் தன் பக்கம் இழுத்தவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

இது கனமான கேள்வி. உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி இதைத் தாண்டிவிட முடியாது. எல்லோருக்கும் தன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவாகியா விவகாரத்தில் போர் வெடிக்கும் என்ற நிலையில், ஹிட்லரின் திருச்சபைக் கொள்கையை எதிர்த்த 'அறிக்கையிடும் திருச்சபை'யின் தலைமைக் குழு ஒரு ஜெப ஒழுங்கைத் தயாரித்தது. சபையின் பாவத்தையும் தேசத்தின் பாவத்தையும் அறிக்கையிட்டு, போர் வராதிருக்க மன்றாடும் ஜெபம். ம்யூனிக் உடன்பாட்டில் போர் அப்போதைக்குத் தள்ளிப்போயிற்று, ஆனால் எஸ்.எஸ். பத்திரிகை அந்த ஜெபத்தைத் தேசத் துரோகம் என்றது. லூத்தரன் பிஷப்புகள் சிலர் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தேசம் பாவம் செய்திருக்கிறது என்று ஆலயத்தில் சொல்வது துரோகம்! டீட்ரிஷ் போன்ஹோஃபர் இன்னும் ஒரு படி போனார். போர் நடந்துகொண்டிருக்கையில், நீங்கள் எதற்காக ஜெபிக்கிறீர்கள் என்று கேட்டபோது, என் தேசத்தின் தோல்விக்காக என்று அவர் சொன்னதாக விஸர்ட் ஹூஃப்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். சொன்னவர் 1939-ல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கலாம். சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். தோற்கட்டும் என்று அவர் ஜெபித்த வீட்டுக்குள்ளேயே அவரும் இருந்தார். 1945 ஏப்ரலில் அதற்குள்ளேயே தூக்கிலிடப்பட்டார்.

அப்படியானால் அளவுகோல் கிடைத்துவிட்டதா? ஜெபிப்பவன் அதன் பலனுக்குத் தானும் உட்பட்டு நிற்கிறானா என்று பார்த்தால் போதுமா? போதாது. வண்டி வட்டத்துக்குள் இருந்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஜெபித்தார்கள். தியாகம் எல்லாக் கட்சியிலும் கிடைக்கும் சரக்கு.

வித்தியாசம் பன்மையில்தான் இருக்கிறது. 1838-ன் 'எங்கள்' வெளியே நிற்பவனை வைத்து உருவானது. அவன் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. 1985-ன் அழைப்பு அகற்றச் சொன்னது ஒரு அதிகாரத்தை, ஆஃப்ரிகானரை அல்ல. அந்த 'எங்கள்' என்பதற்குள் நௌடே இருக்கிறார். அவர் ஜெபிக்க வேண்டியது தன் தந்தையார் கட்டிய வீடு இடிந்து விழுவதற்காக. இடிந்த பிறகும் அதே தெருவில்தான் அவர் குடியிருக்க வேண்டும். கவுன்சிலின் நாற்காலியில் அவர் இருந்ததால் அந்த ஜெபம் 'அவர்களை ஒழி' என்று சுருங்கிவிடாமல் இருந்தது என்று நினைக்கிறேன். ஆட்சேபித்தவர்களுக்கு இது முழுப் பதில் அல்ல. கடவுளிடம் தீர்ப்பை எழுதி நீட்டும் அபாயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆட்சியாளருக்காக வாராவாரம் நலம் கோரி ஜெபிப்பதும் ஒரு தீர்ப்பை எழுதி நீட்டுவதுதான். பழக்கத்தால் அது தீர்ப்பாகத் தெரிவதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான கைரோஸ் ஆவணம் இந்த இடத்தைத் தொட்டது. அரசு இறையியலைச் சாடியதை எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். சமரசம், சமாதானம் என்று சொற்களைப் பூசிக்கொண்டு நடுவில் நிற்கும் திருச்சபை இறையியலையும் அது விடவில்லை.

1994-ல் ஆட்சி மாறியது. ஜெபித்ததாலா? சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள், பொருளாதாரத் தடை, சோவியத் யூனியனின் சரிவு, நகர்ப்புறக் கிளர்ச்சி எல்லாம் இருந்தன. காரண காரிய விசாரணையில் ஜெபத்துக்கு இடம் ஒதுக்க என்னிடம் வழியில்லை. ஜெபித்தவர்கள் அதை எதிர்பார்த்திருந்தாலும் சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1897-ல் ஈனோக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் இயற்றிய ஒரு ஜெபப் பாடல், ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்கக் கேட்பது, இடுகாடுகளிலும் கூட்டங்களிலும் ஒடுக்கப்பட்டவர்கள் பாடிவந்தது, 1994-ல் தேசிய கீதமாயிற்று. முற்றுகையில் இருந்தவனின் ஜெபம் மறுபடி அரசாங்கத்தின் வாய்க்குப் போய்விட்டது. 2012 ஆகஸ்டு 16-ல் மரிக்கானா பிளாட்டினச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது அந்தக் கீதத்தைப் பாடும் போலீஸ்.

2017 ஏப்ரல் 22-ல் புளூம்ஃபொன்டைன் அருகே ஒரு பண்ணையில், ஆங்கஸ் புக்கன் என்ற விவசாயிப் பிரசங்கியார் அழைப்பின் பேரில், தேசத்துக்காக ஜெபிக்க லட்சக்கணக்கானோர் கூடினார்கள். ஜேக்கப் ஜூமாவின் ஊழல் ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம். கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளையர் என்று செய்திகள் வந்தன. நாட்டின் மேல் அவர்களுக்கு இருந்த கவலை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020-ல் அதே பிரசங்கியார், கடவுளோடு உடன்படிக்கை உள்ள ஜனங்கள் யூதர்களும் ஆஃப்ரிகானர்களும் மட்டுமே என்கிற மாதிரி பேசிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பத்திரம் பெட்டியடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 16 இப்போது நல்லிணக்க நாள். ன்கோமே ஆற்றின் ஒரு கரையில் 64 வெண்கல வண்டிகள் வட்டமாக நிற்கின்றன. எதிர்க் கரையில், மாட்டின் கொம்புகளைப் போன்ற ஜூலு படை வியூகத்தின் வடிவில் கட்டிய அருங்காட்சியகம். நடுவில் ஒரு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதியில் இரண்டு கரைகளிலும் தனித்தனியாகக் கூட்டம் நடந்திருக்கிறது. இரண்டிலும் ஜெபம் உண்டு.